பாதியில் முள், மூன்றில் ஒரு பங்கு டீசல்

மூன்று வாரமாக என்னை ஆட்டிப்படைத்த என் ஜீப்பின் டேங்க் யூனிட் (டேங்க்குக்குள் மிதவையோடு இருந்து, எவ்வளவு டீசல் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்லும் கருவி) கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவழியாக வழிக்கு வந்தது. மீட்டர் முள் இப்போது ஒட்டவும் இல்லை, குதிக்கவும் இல்லை. ஆனால் அது காட்டுவதை நம்பி வண்டி ஓட்டலாமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜீப்பில் பழைய டேங்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியது வைக்க வேண்டும் என்ற ஆசை, ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கு மாதம் ஒருமுறை ஏறி இறங்கத் தொடங்கியதிலிருந்தே இருந்தது. வேலூரில் புறப்பட்டு, ஆலங்காயம் வழியாக மலையேறி, போளூர் பக்கம் இறங்கித் திரும்பினால் இன்றைய கணக்கில் மூன்று மாவட்டங்களைத் தொட்டுவிடுகிறோம். 1989க்கு முன் இவை அனைத்தும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். ராணிப்பேட்டையில் டிங்கர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், பின் ஆக்சிலுக்கு இடம் விட்டுப் படிக்கட்டு வடிவில் டேங்க்கை மடித்துக் கொடுத்தார். மேல் பாதி 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம். கீழ்ப் பாதியின் அகலமும் உயரமும் அவ்வளவேதான் என்றாலும் நீளம் 25 செ.மீ. மட்டுமே. மேலே 42, கீழே 21, ஆக மொத்தம் 63 லிட்டர். வெல்டிங்கில் ஒரு சொட்டுக்கூடக் கசிவில்லை. அவர் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குறை என் பக்கம்தான் இருந்தது. பழைய டேங்க் யூனிட்டை அப்படியே புதிய டேங்க்கில் மாட்டினேன். அதில் மிதவை ஒரு கம்பியின் முனையில் இருக்கும், கம்பி ஓர் அச்சில் சுழன்று ஏறி இறங்கும். அந்த அச்சு மேல்தகட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இருந்தது, மிதவைக் கம்பியின் நீளம் 16 செ.மீ., அது சுழலும் கோணம் 80 டிகிரி. இதன்படி மிதவை மேலும் கீழுமாகச் செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ 20½ செ.மீ. மட்டுமே, டேங்க்கின் ஆழமோ 28 செ.மீ. முதல் பயணத்தில் முள் முழுதாகப் படுத்துவிட, பதறிப்போய் வழியில் வந்த முதல் பங்க்கில் நுழைந்தேன். 48 லிட்டருக்கு மேல் ஏறவில்லை. மீட்டர் காலி என்று காட்டியபோது அடியில் பதினொன்றரை லிட்டருக்குக் குறையாமல் டீசல் இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டேன். அச்சு ஆழத்தின் நடுவில், அதாவது 14 செ.மீ.யில் இருக்க வேண்டும். 80 டிகிரியில் 28 செ.மீ. ஏறி இறங்க வேண்டுமானால் கம்பி 21.8 செ.மீ. இருக்க வேண்டும். எனவே யூனிட்டின் தண்டை 4 செ.மீ. நீட்டிப் பித்தளைப் பற்று வைத்து, ஆர்கான் வெல்டிங்குக்குப் பயன்படுத்தும் 2.4 மி.மீ. எஸ்.எஸ். ஃபில்லர் ராடை வாங்கிப் புதுக் கம்பி வளைத்தேன். மிதவை இந்தக் கம்பியைத் தாங்குமா என்று பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் திருப்தியடைந்தது என் முதல் அசட்டுத்தனம். தண்ணீரைவிட டீசல் இலேசானது, ஒரு லிட்டர் சுமார் 830 கிராம்தான் இருக்கும். தண்ணீரில் ஜம்மென்று மிதப்பது டீசலில் இன்னும் கொஞ்சம் அமுங்கும். மறுநாள் டீசலிலேயே போட்டுப் பார்த்தபோது மிதவை பாதி கனத்துக்கு அமுங்கி நின்றது. பரவாயில்லை, அந்த அளவை வைத்துக்கொண்டே கணக்கைத் தொடரலாம் என்று விட்டேன்.

மாட்டிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. காலி டேங்க்கில் டீசல் ஊற்ற ஊற்ற, முள் கால் அளவுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அசையவில்லை. யூனிட்டைக் கழற்றி, மிதவையை மேலே தூக்கிப் பிடித்து மறுபடி மாட்டினால் முழுதாகக் காட்டியது. ஆனால் டீசலை வடிக்கும்போது முக்காலுக்குச் சற்று மேலேயே நின்றுகொண்டது. "இப்போ ஏறுனா ஏற மாட்டேங்குது, இறங்குனா இறங்க மாட்டேங்குது, யூனிட்டையே மாத்திடு தம்பி" என்றார் டிங்கர் அண்ணன். மாற்றவும் செய்தேன். மிதவை ஏறி இறங்கும்போது யூனிட்டின் மின்தடை மாறும், அந்த ஓம் அளவை வைத்துத்தான் மீட்டர் முள்ளை நகர்த்தும். புதிதாக வாங்கிய யூனிட் காலியில் 240 ஓமும் முழுமையில் 33 ஓமும் காட்டும் வகை, என் மீட்டரோ காலிக்கு 10, முழுமைக்கு 180 எதிர்பார்ப்பது. முள் தலைகீழாகப் பேசியது. கடையில் கேட்டால் "எல்லா வண்டிக்கும் சேரும்" என்ற பதில்தான் கிடைத்தது. டேங்க் யூனிட் வாங்கப் போகிறவர்கள் கையில் ஓம் அளக்கும் மல்டிமீட்டர் எடுத்துச் செல்வதே நலம்.

பழையதையே திரும்ப மாட்டி, டேங்க்கை வடித்துக் கழற்றி, கொட்டகைத் தரையில் வைத்து மல்டிமீட்டரை இணைத்தேன். நேராக வைத்தால் 10 ஓம். மெல்லக் கவிழ்த்தால் மிதவை தன் எடையிலேயே மறுமுனைக்குப் போய் 180 வர வேண்டும், ஆனால் 46இல் நின்றது. மிதவையை மேல் முனையில் வைத்து மாட்டிவிட்டு நேராக நிமிர்த்தினால் 144இல் நின்றது. இந்த இரண்டு எண்களையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 46ஐயும் 144ஐயும் கூட்டினால் 190, 10ஐயும் 180ஐயும் கூட்டினாலும் அதே 190. அப்படியானால் இரண்டு பக்கமும் சம தூரத்தில் முட்டுகிறது, தடை நட்டநடு உயரத்தைச் சுற்றி இருக்கிறது. கம்பி படுக்கையாக நிற்கும்போதுதான் மிதவை அச்சிலிருந்து அதிக தூரம் எட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மிதவையின் ஓரத்தில் கண்மை தடவி மறுபடி கவிழ்த்து நிமிர்த்தி, யூனிட்டைக் கழற்றிவிட்டு, பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். டீசல் அலையாமலிருக்க டேங்க்கின் நடுவே நானே கேட்டு வைத்த தடுப்புத் தகட்டில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கறுப்புத் தீற்றல்கள் இருந்தன. யூனிட்டின் அச்சிலிருந்து தகடு 22 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. கம்பி 21.8, அதன் முனையில் மிதவையின் பாதி அகலம் 2 செ.மீ., எனவே முட்டாமல் என்ன செய்யும்?

யூனிட்டைத் திருப்பி மாட்டலாம் என்றால் அதன் ஐந்து திருகுத் துளைகளும் சமமற்ற இடைவெளியில் இருப்பதால் ஒரே நிலையில்தான் உட்காரும். தகட்டை வெட்டவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு புரிந்தது, 28 செ.மீ. முழுவதையும் மீட்டர் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அடியில் 1½ செ.மீ. டீசலை உறிஞ்சு குழாய் எப்படியும் எடுக்காது. மேலேயும் அதே அளவு காலியாக விட்டாக வேண்டும், ஏனென்றால் 10 டிகிரி வெப்பம் கூடினால் 60 லிட்டர் டீசல் அரை லிட்டர் பெருக்கும், நம் வேலூர் மே மாத வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியை 19½ செ.மீ.யாக வெட்டினேன். ஏற்ற இறக்கம் 25 செ.மீ., தகட்டுக்கும் மிதவைக்கும் இடையே அரை செ.மீ. இடைவெளி. கவிழ்த்தேன், 180. நிமிர்த்தினேன், 10. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

யூனிட்டுக்கும் டேங்க்குக்கும் இடையே கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூரில் காலணி வேலையில் இருக்கும் நண்பர் அன்போடு கொடுத்த ரப்பர் ஷீட்டில் முதலில் வெட்டி வைத்தேன். பத்து நாளில் அது டீசலில் ஊறிப்போன அப்பளமாகி, திருகுத் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

எர்த்தும் ஒரு பாடம் நடத்தியது. டேங்க் ரப்பர் மெத்தையில் உட்கார்ந்திருப்பதால் தனி எர்த் வயர் இழுத்திருந்தேன், ஆனால் சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டாமலே முடுக்கிவிட்டேன். அந்த ஒரு முனையில் 7 ஓம். இந்த வகை யூனிட்டில் கூடுதல் ஓம் என்றால் இல்லாத டீசலை இருப்பதாகக் காட்டும், அடிப்பகுதியில் அது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பொய். சுரண்டி முடுக்கியபின் ஒரு ஓமுக்கும் கீழே இறங்கியது.

இனி அந்த வேறு கேள்விக்கு வருகிறேன். ஐந்து ஐந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள்ளையும் ஓமையும் குறித்தேன். (பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், கேட்டால் அதில் பிடித்துக் காட்டுவார்கள். என் கேனை அதை வைத்துத்தான் சரிபார்த்தேன்.) முள் காலியில் நிற்கும்போது உள்ளே இரண்டே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, காலில் 11, பாதியில் 21, முக்காலில் 41, முழுமையில் 58½. பாதி என்று காட்டும்போது டேங்க்கில் இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். முள் உயரத்தை அளக்கிறது, லிட்டரை அல்ல. அகலமான மேல் பாதி மெதுவாகத் தாழும், குறுகலான கீழ்ப் பாதி மளமளவென்று தாழும். லிட்டருக்கு 11 கி.மீ. கிடைக்கும் என் வண்டியில் மேல் பாதி 400 கி.மீ.க்கு மேல் ஓடும், கீழ்ப் பாதி 200ஐத் தாண்டுவதே பெரிது.

இதைச் சரிசெய்ய ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். யூனிட்டின் ஓமைப் படித்து, என் அட்டவணையில் லிட்டரைத் தேடி, அதற்கேற்ப முள்ளைத் தள்ள வேண்டும். மலைப்பாதை வளைவுகளில் முள் ஆடாமலிருக்க அரை நிமிடச் சராசரி எடுக்கும் எண்ணமும் உண்டு. அதற்கிடையில் பழைய வண்டிச் சாமான்கள் கிடைக்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய மீட்டர் ஒன்று தேட வேண்டும், ஏனென்றால் இருக்கும் ஒரே மீட்டரை வைத்துப் பரிசோதனை செய்யத் துணிச்சல் இல்லை. அதுவரை ஐந்து எண்களையும் சீட்டில் எழுதி, மீட்டருக்குப் பக்கத்தில் செல்லோடேப்பால் ஒட்டியிருக்கிறேன். 21 என்ற எண்ணை மட்டும் சிவப்பு மையில்.