பென்-ஸ்ட்ரெப்பை நிறுத்திய பிறகு தெரிந்தது

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து நாலாவது நாள். இன்குபேட்டரைத் திறந்து பிளாஸ்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், செல்கள் வளரும் ஊட்டக் கரைசலான மீடியாவுக்குள் இலவம்பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று மிதக்கிறது. பூஞ்சை. ஆறு பிளாஸ்க், மூன்று வார உழைப்பு.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் ஏ549 என்ற நுரையீரல் புற்றுச் செல்களை வளர்த்து, மூன்று மருந்துகளைச் சோதிக்கிறேன். கணவாய்க் காற்று எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அதோடு மழை ஈரமும் சேர்ந்துவிட்டால் அலமாரித் துணிகூடப் பூசணம் பிடிக்கும். லேப் மட்டும் தப்புமா?

லேபில் கூட இருக்கும் சேச்சி கேட்ட முதல் கேள்வி: "மோளே, காலைல மாவு கரைச்சிட்டு வந்தியா?" வீட்டில் அம்மா மாவரைத்து விற்கிறார். அதனால் லேபில் எது கெட்டாலும் எங்கள் கிரைண்டர் மேல்தான் பழி. ஈஸ்ட் வந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். இது நூல் நூலாக ஓடும் பூஞ்சை, மாவு தப்பித்தது.

மீடியாவில் பென்-ஸ்ட்ரெப் என்ற ஆன்டிபயாட்டிக் கலவையைப் போடாமல் நான் இருந்ததே இல்லை. நூறு மடங்கு அடர்த்தியில் வரும் கரைசல். 500 மில்லி பாட்டிலுக்கு 5 மில்லி. மில்லிக்கு 100 யூனிட் பெனிசிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின் என்று கணக்கு. முன்னது பாக்டீரியாவைச் சுவர் கட்ட விடாது, பின்னது அதன் ரைபோசோமில் புகுந்து புரதத் தயாரிப்பைக் குழப்பும். பூஞ்சைக்கு இரண்டும் பச்சைத் தண்ணீர்.

அதனால் புதுச் செல்களை எடுத்து, ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சேர்த்தேன், மில்லிக்கு 2.5 மைக்ரோகிராம். அது பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்து ஓட்டை போடும். நம் செல் சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ரால் அதற்குப் பங்காளி மாதிரி, ஆகவே செல்லுக்கும் கொஞ்சம் அடி விழும். பூஞ்சை வரவில்லை. ஆனால் மூன்று நாளில் நிறையும் பிளாஸ்க் ஐந்து நாளாகியும் பாதியில் நின்றது. மருந்தை நிறுத்தினேன். அப்போதும் அதே மந்தம்.

"பென்-ஸ்ட்ரெப்பையும் எடுத்துடு, என்ன வருதுன்னு பார்ப்போம்" என்றார் சார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் 2017இல் வந்த ஒரு கட்டுரையைக் காட்டினார்: ஹெப்-ஜி2 கல்லீரல் செல்களில் பென்-ஸ்ட்ரெப் இருப்பதாலேயே 209 மரபணுக்களின் வெளிப்பாடு மாறியிருக்கிறது. மருந்துச் சோதனை செய்கிறவளுக்கு இது சின்ன விஷயமா?

ஐந்தாம் நாள் ஒரு பிளாஸ்க் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியது. பாக்டீரியா. கையைச் சரியாகத் துடைக்காமல், கிருமி புகாமல் வேலை செய்வதற்கான ஹூடுக்குள் விட்ட என் பழக்கத்தை இத்தனை நாள் ஆன்டிபயாட்டிக் மூடி வைத்திருந்தது. மற்றவை பளிங்கு மாதிரித் தெளிவு. ஆனாலும் செல்கள் மந்தமாகவே இருந்தன.

கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் வைத்தோம். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டுப் பார்த்தபோது, உட்கருவுக்கு வெளியே ஒன்றுமில்லாமல் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பொடிப்பொடியாக நீலப் புள்ளி. இதற்குச் செல் சுவரே கிடையாது, பெனிசிலின் எதைத் தடுக்கும்? 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். மீடியா கலங்காது. அதில் ஓர் இனம் மனிதர் வாயிலேயே குடியிருப்பது. ஹூடுக்குள் கையை வைத்துக்கொண்டு சேச்சியும் நானும் பேசாத பேச்சா! எங்கள் டெஸ்ட் இனத்தைச் சொல்லாது, அதனால் என் வாய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இப்போது ஹூடில் மாஸ்க், வாயே திறப்பதில்லை.

மைக்கோபிளாஸ்மாவுக்கென்றே வரும் மருந்தை இரண்டு வாரம் போட்டுப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். சார் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போட்டு 121 டிகிரியில் அவித்துக் கொட்டினோம். இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டைத் தூக்கினால் அடியில் பாசி பிடித்த கிணற்றுப் படி மாதிரி வழவழப்பு. விரலை வைத்துப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரவ நைட்ரஜனில் செல்களை உறைய வைத்திருந்த குப்பிகளையும் நம்ப முடியாது, அந்தக் குளிரிலும் இது பிழைத்துக் கிடக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்ததில் ஐந்தில் இரண்டுதான் சுத்தம். அதிலிருந்து மறுபடி தொடங்கினேன், ஆன்டிபயாட்டிக் இல்லாமல், மாதம் ஒரு மைக்கோபிளாஸ்மா டெஸ்டோடு. திசுவிலிருந்து நேரடியாகச் செல் பிரிக்கும் பக்கத்து மேசைக்காரர் முதல் சில நாள் மட்டும் பென்-ஸ்ட்ரெப் போடுகிறார். அதில் தப்பில்லை, திசுவே கிருமியோடு வரலாம்.

பழைய எட்டு மாத வரைபடங்களை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்று மருந்தில் இரண்டைத் திரும்பச் செய்தாயிற்று. மூன்றாவது, துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழைக்குள் முடியுமா தெரியவில்லை.