பின்னட்டையில் நின்றவர்கள்

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' இசைத்தட்டின் முன்னட்டையை ராக் இசை கேட்கும் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு செங்கல் சுவர், அதன் முன்னால் அடுக்கி வைத்த கருவிப் பெட்டிகள், அவற்றோடு சேர்ந்து உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரிக்கும் ஆறு பேர். தட்டைத் திருப்பினால் அதே சுவர், அதே பெட்டிகள், ஆனால் ஆட்கள் வேறு. கையில் பியர் டின்னோடு இருக்கும் அவர்கள்தான் அந்தப் பெட்டிகளை ஊர் ஊராகத் தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், ஒயர் இழுத்தவர்கள். ராக் உலகில் அவர்களை ரோடிகள் என்பார்கள். படத்தில் சுவரின் மேல் ஒருவருடைய முகம் மட்டும் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். அவர் ட்விக்ஸ் லிண்டன், குழுவின் டூர் மேனேஜராக இருந்தவர். ஜிம் மார்ஷல் இந்தப் படங்களை எடுத்தபோது அவர் சிறையில் இருந்தார்.

இந்தக் குழுவைப் பற்றி ஆலன் பால் எழுதி 2014-ல் வெளிவந்த 'ஒன் வே அவுட்' புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு, முன்னட்டையைவிடப் பின்னட்டையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இது வழக்கமான வாழ்க்கை வரலாறு மாதிரி போவதில்லை. குழுவில் இருந்தவர்கள், கூடத் திரிந்தவர்கள், பதிவு செய்தவர்கள் எல்லோரும் அவரவர் வாயாலேயே மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒரே சம்பவம் இரண்டு பேர் வாயில் இரண்டு விதமாக வரும். யார் சொல்வது சரி என்று ஆலன் பால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்வதில்லை. எனக்கு இது பிடித்திருந்தது. கிட்டார் வாசித்தவர் பேச்சுக்கும் பெட்டி தூக்கியவர் பேச்சுக்கும் பக்கத்தில் ஒரே இடம் கிடைக்கிறது.

நான் இதையெல்லாம் இவ்வளவு கவனிப்பதற்குக் காரணம் உண்டு. என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், மெல்லிசைக் கச்சேரி என்று எங்கே போனாலும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். கச்சேரி முடிந்து பாடகருக்குப் பொன்னாடை போர்த்தும்போது நாங்கள் மேடைக்குக் கீழே ஒயர் சுற்றிக்கொண்டிருப்போம். அதனால் எந்தக் குழுவின் கதையைப் படித்தாலும், சாமான்களை யார் தூக்கினார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலான புத்தகங்களில் பதில் இருக்காது. இதில் இருக்கிறது.

குழுவின் கிட்டார்காரர் டுவேன் ஆல்மனிலிருந்து தொடங்குகிறேன், அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. 1946-ல் டென்னஸியின் நாஷ்வில்லில் பிறந்தவர். தம்பி கிரெக் ஒரு வருடம் இளையவர். 1949 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் அப்பா, வழியில் லிஃப்ட் கொடுத்த ஆளாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மா ஜெரால்டின் தனியாக வளர்த்தார். பிறகு ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சுக்குக் குடிபோனார்கள். கிட்டாரை முதலில் வாங்கியது தம்பிதான். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

1968-ல் டுவேன் தன் 22-வது பிறந்தநாளை ஒட்டிச் சளியோடு படுத்திருக்கிறார். குதிரையிலிருந்து விழுந்து முழங்கை வேறு அடிபட்டிருக்கிறது. தம்பி மேல் கோபம். தம்பி கொரிசிடின் மாத்திரை பாட்டில் ஒன்றையும் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் முதல் இசைத்தட்டையும் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அண்ணன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, அந்தக் காலிக் கண்ணாடிப் பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டு, தந்திகள் மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையைத் தானே கற்றுக்கொள்கிறார். ஃபில்மோர் தட்டு இன்றும் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது.

அதே காலகட்டத்தில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவில் வேலை கேட்டுப் போய் நிற்கிறார். கறுப்பினப் பாடகர் வில்சன் பிக்கெட்டின் பதிவு நடக்கிறது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பிக்கெட்டும் டுவேனும் மட்டும் போகவில்லை. அந்த ஊர் ஹோட்டலில் ஒரு கறுப்பரும் நீள முடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பையனும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். அந்தச் சாப்பாட்டு இடைவேளையில்தான் பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' பாட்டைப் பாடலாம் என்று டுவேன் பிக்கெட்டைச் சம்மதிக்க வைத்தார். பாட்டின் கடைசியில் டுவேன் வாசிக்கும் பகுதியை இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் கார் ரேடியோவில் கேட்டு, வண்டியை ஓரம் கட்டி, யார் இது என்று விசாரித்தார் என்பார்கள்.

1969 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் குழு சேர்ந்தது. இரண்டு கிட்டார், இரண்டு டிரம். டுவேனோடு கிட்டாருக்கு டிக்கி பெட்ஸ், பேஸ் கிட்டாருக்கு பெர்ரி ஓக்லி, டிரம்ஸுக்கு புட்ச் டிரக்ஸும் ஜெய்மோவும், ஆர்கனும் பாட்டும் கிரெக். ஜெய்மோ கறுப்பர், சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்குக்கு வாசித்தவர். ஓட்டிஸின் மேனேஜராக இருந்த ஃபில் வால்டன்தான் இவர்களை ஜார்ஜியாவின் மேக்கன் நகருக்கு வரவழைத்தார். 1969-ல் ஜார்ஜியாவில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வண்டியில் போய், ஒரே மேடையில் வாசித்தார்கள். அது அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் என்பதை இன்று பாட்டை மட்டும் கேட்டு உணர முடியாது.

கையில் காசில்லை. மேக்கனில் எச் அண்ட் எச் என்ற சிறிய உணவகத்தை லூயிஸ் ஹட்சன், ஐனெஸ் ஹில் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் நடத்தினார்கள். பையன்கள் ஒன்றிரண்டு தட்டு வாங்கி எல்லோரும் பகிர்ந்து தின்பதைப் பார்த்த லூயிஸ், ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டார். காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மாமா லூயிஸ் என்று ஊரே கூப்பிடும் அவரைப் பின்னாளில் குழு தன் சுற்றுப்பயணத்துக்குக் கூடவே அழைத்துப் போனது. எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த மனுஷி இவர்தான்.

அடுத்து ரெட் டாக். இயற்பெயர் ஜோசப் கேம்ப்பெல், வியட்நாமில் போரிட்டுக் காயப்பட்டுத் திரும்பியவர். மாதாமாதம் அரசு தரும் ஊனமுற்ற படைவீரர் உதவித்தொகையைக் குழுவின் செலவுக்குக் கொடுத்தார். ரோடி வேலைக்கு வந்தவர் முதலாளிகளுக்குச் சோறு போட்டிருக்கிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பாவின் பழைய ஆட்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவின் சாமான்கள் லேசுப்பட்டவை அல்ல. கிரெக்கின் ஹாமண்ட் பி-3 ஆர்கன் மட்டுமே பெடல், பெஞ்சோடு சுமார் 190 கிலோ. அதோடு இரண்டு டிரம் செட், ஆம்ப்ளிஃபயர் வரிசை. 1970-ல் அவர்கள் 300 நாளுக்கு மேல் சாலையில்தான் இருந்தார்கள். அந்த ஆர்கனை அத்தனை முறை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

கிம் பெயின் இன்னொரு ரோடி. 'மிட்நைட் ரைடர்' பாட்டில் கிரெக் ஒரு வரி கிடைக்காமல் திணறியபோது அதைக் கொடுத்தவர். பாட்டைப் பதிவு செய்யப் போனால் ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது, சாவி கிடைக்கவில்லை. பெயின் உடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டார். அப்புறம் கிரெக் அவருக்கு அந்தப் பாட்டின் வருமானத்தில் பங்கு எழுதிக் கொடுத்தார். பாட்டின் உரிமையில் இன்றுவரை அவர் பெயரும் இருக்கிறது. உதவியவரின் பெயரை இப்படிக் காகிதத்தில் ஏற்றிய குழுக்கள் அதிகம் இல்லை.

ட்விக்ஸ் லிண்டனின் கதை வேறு மாதிரி. 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், வாசித்த பணத்தைத் தர மறுத்த கிளப் உரிமையாளரோடு சண்டை வந்து, அவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். இந்தக் குழுவோடு ஓயாமல் அலைந்ததிலேயே அவர் புத்தி பேதலித்துவிட்டது என்ற திசையில் வழக்கறிஞர் வாதாடினார். தற்காலிக மனநிலைப் பிறழ்வு என்று விடுதலை ஆனார். ஒரு மனிதர் செத்துப் போயிருக்கிறார் என்பதை ரசிகர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. ட்விக்ஸ் 1979-ல் பாராசூட்டில் குதிக்கும்போது இறந்தார். அந்த ஊரின் பெயர் டுவேன்ஸ்பர்க்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். 'விப்பிங் போஸ்ட்' பாட்டின் முதல் வரிகள் கிரெக்குக்கு நடு இராத்திரியில் வந்தன. விளக்குப் போட முடியாது, காகிதம் அகப்படவில்லை. தீக்குச்சிகளைக் கொளுத்தி அணைத்து, அந்தக் கரி முனையால் இஸ்திரி பலகையின் துணியில் எழுதி வைத்தார். அந்தப் பாட்டின் தொடக்கம் 11 எண்ணிக்கை. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. தாளம் போட்டுப் பழகிய கை சட்டென்று பிடித்துவிடும். கிரெக்குக்குத் தான் 11-ல் எழுதியதே தெரியாது, அண்ணன்தான் எண்ணிச் சொன்னார். முதல் இசைத்தட்டில் சுமார் 5 நிமிடம் இருந்த அந்தப் பாட்டு, 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 23 நிமிடம் ஓடியது. டாம் டவுட் பதிவு செய்தார். டுவேன் ஊதுகருவிக்காரர்களையும் மேடைக்குக் கூட்டிவந்தபோது, பதிவு கெட்டுப்போகும் என்று சொல்லி அவர்களை நிறுத்த வைத்தவர் அவர்தான். ஒவ்வொரு இரவும் கச்சேரி முடிந்ததும் ஸ்டூடியோவுக்குப் போய் அன்றைய டேப்பைக் கேட்டு, எது தேறியது, எதை மறுநாள் திரும்ப வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

ஜூலையில் தட்டு வெளிவந்து அக்டோபரில் தங்கத்தட்டு அந்தஸ்து பெற்றது. அக்டோபர் 29-ம் தேதி மேக்கனில் டுவேனின் மோட்டார் சைக்கிள், திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியால் விபத்துக்குள்ளானது. அவர் இறந்துபோனார். அவருக்கு 24 வயது. அந்த லாரி பீச் பழம் ஏற்றியது, அதனால்தான் அடுத்த தட்டுக்கு 'ஈட் எ பீச்' என்று பெயர் என்பது வெறும் கட்டுக்கதை. அது மரம் ஏற்றும் லாரி. அடுத்த வருடம் நவம்பர் 11-ம் தேதி அந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி பெர்ரி ஓக்லி பஸ்ஸில் மோதினார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்குப் போனவர், தலையில் இரத்தம் கசிந்து இறந்தார். அவருக்கும் 24.

பலரும் குழு அங்கேயே முடிந்துவிட்டது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1973-ல் டிக்கி பெட்ஸின் 'ராம்ப்ளின் மேன்' அமெரிக்கத் தரவரிசையில் 2-ம் இடம் வரை போனது. அதே வருடம் வாட்கின்ஸ் கிளன் விழாவில் சுமார் 6 லட்சம் பேர் கூடினார்கள். ஜிம்மி கார்ட்டரின் தேர்தல் நிதிக்குக் கச்சேரி நடத்தும் அளவுக்குப் பெரியவர்கள் ஆனார்கள். இரண்டு சாவுகளையும் தாங்கி எழுந்த குழு அது.

முடிந்தது 1976-ல். மத்திய அரசின் போதைப்பொருள் விசாரணையில், தனக்கு வழக்கு வராது என்ற உறுதியின் பேரில், கிரெக் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். யாருக்கு எதிராக? ஸ்கூட்டர் ஹெர்ரிங், அவர்களிடம் வேலை பார்த்த ரோடி. அளவு மீறிப் போதையில் கிரெக் விழுந்தபோது உயிரைக் காப்பாற்றியவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருக்கு 75 வருடத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது மேல்முறையீட்டில் ரத்தாகி, மிகக் குறைந்த காலமே உள்ளே இருந்தார் என்றாலும் உடைந்தது உடைந்ததுதான். இனி கிரெக்கோடு வாசிக்க மாட்டேன் என்று டிக்கி சொன்னார், மற்றவர்களும் விலகினார்கள். அமெரிக்க அரசு எதிரே நிற்கும்போது போதையில் உழன்ற ஓர் ஆள் எவ்வளவு தாக்குப்பிடிப்பார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மற்றவர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பதும் புரிகிறது. ரெட் டாக்கின் காசில் சாப்பிட்டவர்கள், கிம் பெயினுக்குப் பங்கு கொடுத்தவர்கள், ரோடிகளை அட்டையில் போட்டவர்கள் அவர்கள். சாமான் தூக்குபவனும் நம்மவன் என்பதுதான் அந்த வீட்டின் சட்டம். டுவேன் செத்தபோதுகூட அந்தச் சட்டம் சாகவில்லை.

பிறகு கூடினார்கள், பிரிந்தார்கள், 1989-ல் மறுபடி கூடினார்கள். நியூயார்க் பீக்கன் தியேட்டரில் வருடாவருடம் வாசித்தார்கள். 2000-ல் டிக்கி பெட்ஸை ஒரு ஃபேக்ஸ் அனுப்பி நீக்கினார்கள். 31 வருட உறவுக்கு ஒரு ஃபேக்ஸ். 2014 அக்டோபர் 28-ம் தேதி தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஓடிய கடைசிக் கச்சேரியில் அவர் இல்லை. புட்சும் கிரெக்கும் 2017-லும், டிக்கி 2024-லும் போய்விட்டார்கள். ஆறு பேரில் இன்று இருப்பது ஜெய்மோ மட்டும்.

ஆலன் பாலின் புத்தகத்தில் ரெட் டாக் பேசும் இடங்கள் எனக்குப் போதவில்லை. 2011-ல் இறந்துபோன அவர், தன் நினைவுகளைத் தனிப் புத்தகமாகவே எழுதிவைத்திருக்கிறார். அடுத்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது ஒரு பிரதி இருந்தால் சொல்லுங்கள், படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.