பெட்டி தயார், என்சைம் கவுண்டரில்: கொழும்பில் ஒரு பிசிஆர் இயந்திரம் செய்த கதை

கொழும்பில் இருந்துகொண்டு பிசிஆர் இயந்திரம் (சூடாக்கிக் குளிர்வித்து டிஎன்ஏயின் ஒரு துண்டைப் பல கோடி நகல்களாக்கும் கருவி) செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெல்டியரைப் பற்றியும் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிரும் தகடு அது) ப்ரோகிராமைப் பற்றியும் அதிகம் கவலைப்படாதீர்கள், அதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். டிஎன்ஏயை நகலெடுக்கும் என்சைம் எங்கிருந்து வரும், வந்து சேரும்போது வேலை செய்யும் நிலையில் இருக்குமா என்பதை முதலில் பாருங்கள். எங்கள் பெட்டி வேலை முடிந்து மேசையில் தூசி பிடித்துக் கிடந்ததற்கு ஒரு பார்சல்தான் காரணம். எழுதும்போது இன்னும் எரிச்சல் வருகிறது.

நான் இலத்திரனியல் பக்கம். தங்கை மூலக்கூற்று உயிரியல் படித்துவிட்டு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடங்களும் சிறிய ஆய்வுகூடங்களும் வாங்கக்கூடிய விலையில், 16 குழாய் பிடிக்கிற ஒரு இயந்திரம் செய்ய வேண்டும் என்பது எங்கள் எண்ணம். 95 டிகிரி, 55 முதல் 60 வரை, அப்புறம் 72, இப்படி முப்பது முப்பத்தைந்து சுற்று. டெங்கு வைரஸின் ஆர்என்ஏ போன்றவற்றுக்கும் அது பயன்பட வேண்டும் என்று தங்கை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். (நோயாளிகளின் இரத்தத்தை நாங்கள் தொடவே இல்லை. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்பிட்டுச் சோதிப்பதற்கென்றே விற்பனைக்குக் கிடைக்கும் கட்டுப்பாட்டு ஆர்என்ஏயே எங்களுக்குப் போதும்.)

பொருட்கள் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியும் கிடைத்தன. பழைய கம்ப்யூட்டரின் ஹீட் சிங்க், 12 வோல்ட் பவர் சப்ளை, மின்னோட்டத்தின் திசையை மாற்றும் எச் பிரிட்ஜ் போர்டு, டிஇசி1-12706 பெல்டியர் தகடுகள். தகடு வாங்கும்போது மட்டும் ஓரத்தைப் பாருங்கள். நான்கு பக்கமும் வெள்ளை சிலிக்கோன் பூசி அடைத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைக் கண்டு கடைக்கார நானா, "என்ன தம்பி, மாணிக்கக் கல்லா வாங்குறீங்க?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் தகடு குளிர்ந்தால் தண்ணீர் கோத்துவிடும், அடைக்காத தகடு உள்ளே அரித்துப்போகும். இதே காரணத்துக்காக, ஓட்டம் முடிந்ததும் குழாய்களை 4 டிகிரியில் வைத்திருக்கும் வசதியையும் நாங்கள் எடுத்துவிட்டோம். வெளிநாட்டு இயந்திரங்களில் அது இருக்கிறதே என்று யாராவது கேட்டால், எங்கள் அறையில் ஏசி இல்லை என்று சொல்லுங்கள்.

குழாய்கள் உட்காரும் அலுமினியக் கட்டையில் ஓட்டை போடுவதுதான் அடுத்த தலைவலி. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு லேத் பாஸிடம் (கைவினைஞரிடம்) கொடுத்தோம். கைராசிக்காரர், வேலை படு சுத்தம். ஆனால் 0.2 மில்லிலீட்டர் குழாயின் அடி கூம்பு வடிவம், சாதாரண துரப்பணம் போடுவதோ நேரான ஓட்டை. குழாய் அதன் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு தொங்கும், சுற்றிலும் காற்று. கட்டை 95 காட்டும், உள்ளே இருக்கும் 25 மைக்ரோலீட்டர் திரவம் பின்தங்கி நிற்கும். பாஸ் குழாயைக் கண்ணருகே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பழைய துரப்பண முனையை எடுத்து, குழாயின் சரிவுக்கு ஏற்பச் சாணைக்கல்லில் தீட்டி, அதையே ஓட்டையைக் கூம்பாக்கும் ரீமராக்கிவிட்டார். தனிக் கூலி கூட வாங்கவில்லை. நீங்கள் போகும்போது வரைபடத்தை மட்டும் கொண்டுபோகாமல், கையில் நான்கைந்து குழாய்களும் எடுத்துப் போங்கள்.

இயந்திரத்தின் மூடியையும் 105 டிகிரி வரை சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவம் ஆவியாகிக் குழாயின் மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும். சூடான மூடி செய்ய முடியாதவர்கள் அந்தக் கால முறைப்படி மேலே ஒரு துளி மினரல் ஆயில் விடலாம்.

சரி, பார்சலுக்கு வருகிறேன். என்சைம் கிட் ஐஸ் பொதிகளோடு, -20 டிகிரியில் வைக்கவும் என்று கொட்டை எழுத்தில் ஒட்டப்பட்டு வந்தது. சுங்கக் கவுண்டரில் இருந்தவர் இன்வாய்ஸைப் படித்துக்கொண்டே போனார். டிஎன்ஏ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. "மே மொனவத? வைரஸ்த?" (இவை என்ன? வைரஸா?) இதில் உயிருள்ளது எதுவும் கிடையாது, என்சைமும் உப்புக் கரைசலும்தான் என்று தங்கை சிங்களத்தில் விளக்கினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "லியுமக் கேன்ன." (ஒரு கடிதம் கொண்டு வாருங்கள்.) என்ன கடிதம், யாரிடமிருந்து, அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. கடிதம் எடுத்துப் போன அன்று அங்கே இருந்தவர் வேறொருவர். "சீல் எங்கே?" என்றார். சீலோடு போவதற்குள் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்துவிட்டது, அதை ஒட்டிச் சனி ஞாயிறும். கடைசியில் பெட்டி கைக்கு வந்தபோது உள்ளே ஐஸ் பொதிகள் தொளதொளவென்று, என் கையை விடச் சூடாக இருந்தன. கையெழுத்துப் போடச் சொன்ன படிவத்தில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்தது. தங்கை அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள்.

கேரி முல்லிஸ் 1983இல் பிசிஆரைக் கண்டுபிடித்த புதிதில், ஒவ்வொரு சுற்றின் சூட்டிலும் என்சைம் செத்துப்போகும். திரும்பத் திரும்பப் புதிதாக ஊற்ற வேண்டும். அந்த வேலைக்கென்றே சீட்டஸ் நிறுவனத்தில் மிஸ்டர் சைக்கிள் என்ற இயந்திரம் செய்தார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த டாக் என்சைம் வந்த பிறகுதான், சூடாக்கிக் குளிர்விக்கும் ஒரு கட்டை மட்டும் போதும் என்று ஆயிற்று. எங்கள் பெட்டியெல்லாம் சாத்தியமாவது அதனால்தான். அந்த டாக் எங்கள் கவுண்டரையும் தாங்கிவிட்டது. ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றும் ஆர்டி என்சைம்தான் தாங்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு தனிக் கதை. நகலான டிஎன்ஏயைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் பட்டை எதுவும் தெரியவில்லை என்றால் இயந்திரம் பிழையா, என்சைம் பிழையா? வெறும் ஜெல் எதையும் சொல்லாது. தங்கை ஓர் ஏற்பாடு செய்தாள். ஒரே கலவையில் பாதியை எங்கள் பெட்டியிலும் பாதியை அவளுடைய ஆய்வுகூடத்துப் பெரிய இயந்திரத்திலும் ஓட்டினாள். அதையும் லாம்டா டிஎன்ஏயில் (ஒரு பாக்டீரியா வைரஸின் டிஎன்ஏ, இதற்கு ஆர்டி தேவையில்லை) ஒரு தடவை, ஆர்என்ஏயில் ஒரு தடவை. லாம்டாவுக்கு இரண்டிலும் பட்டை வந்தது. ஆர்என்ஏக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை. "அண்ணா, உங்கட பெட்டி தப்பிச்சுது" என்று இரவு பத்து மணிக்கு ஜெல் படத்தோடு மெசேஜ். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இயந்திரத்தில் இடம் கிடைக்கும் என்று உறுதியாகும் வரை கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பிரைமர்களை (நகலெடுக்க வேண்டிய துண்டின் எல்லையைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ இழைகளை) உலர்ந்த நிலையில் வாங்குங்கள், சாதாரணத் தபாலில் வந்தாலும் ஒன்றும் ஆகாது. என்சைமும் மற்றவையும் சேர்ந்த மாஸ்டர் மிக்ஸும் உலர்த்திய வடிவில் கிடைக்கிறது, விலை கூட என்றாலும் நாங்கள் இப்போது அதுதான் எடுக்கிறோம். இன்வாய்ஸில் 3822 அல்லது 3507 என்ற சுங்கக் குறியீட்டைப் போடச் சொல்லுங்கள், முதலாவது ஆய்வுகூட வினைப்பொருட்களுக்கு, இரண்டாவது என்சைம்களுக்கு. தொற்று அபாயம் இல்லை என்ற கடிதத்தையும் விற்பவரிடமே சீலோடு கேட்டு வாங்குங்கள். போயாவை ஒட்டி எதையும் வரவழைக்க வேண்டாம்.

டிஎன்ஏயை நகலெடுக்கும் இன்னொரு வழியான லாம்ப் முறையில் ஏன் செய்யவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜப்பானியர்கள் 2000இல் வெளியிட்ட முறை அது, 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூடு போதும், பெல்டியரே வேண்டாம். உண்மைதான். ஆனால் நான்கு முதல் ஆறு பிரைமர் வடிவமைக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் மேசை முழுக்க மாசுபட்டு எல்லாக் குழாயும் பாசிட்டிவ் காட்டும். கற்பிப்பதற்கு எனக்குப் பிசிஆர்தான் பிடிக்கிறது.

வெப்பநிலை சரிபார்ப்புச் சான்றிதழுக்குப் போன இடத்தில் படிவத்தில் தயாரிப்பாளர் பெயரும் தொடர் இலக்கமும் கேட்டார்கள். வீட்டில் செய்தது என்றேன். அப்படியானால் பதிய முடியாது என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார்கள். நேரே புதுக்கடைக்குப் போய், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சீல் வெட்டும் கடையில் ஒரு சிறிய பித்தளைத் தகடு செதுக்கி, 001 என்று இலக்கம் போட்டு ஒட்டினேன். அதே படிவம், அதே மேசை. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஆக்கவுரிமை (பேட்டன்ட்) விண்ணப்பத்தை ஒரு முகவரிடம் கொடுத்தோம். அவர் "டெங்கு நோயைக் கண்டறியும் முறை" என்று கோரிக்கையை எழுதிக்கொண்டு வந்தார், கேட்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மனித உடலில் செய்யும் நோயறியும் முறைகளுக்கு ஆக்கவுரிமை கிடையாது, அதில் பயன்படும் பொருளுக்கு உண்டு. பிசிஆரோ யாருக்கும் புதிது இல்லை, அதன் அடிப்படை அமெரிக்க ஆக்கவுரிமைகள் 2005இலேயே முடிந்துவிட்டன. எங்களிடம் புதிது என்று சொல்ல இருந்தது, எல்லாக் குழாய்களையும் ஒரே அளவில் அழுத்தும் மூடியின் அமைப்பு மட்டும்தான். அதை மட்டும் கோரி முழுவதையும் திருப்பி எழுதவைத்தோம். முகவருக்கு முகம் சுண்டிவிட்டது, கட்டணத்தில் மட்டும் குறைவில்லை.

விண்ணப்பம் போயிருக்கிறது. நோயறியும் கருவியாக விற்பதென்றால் 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அந்த வழிக்கு இப்போதைக்குப் போகவில்லை. இயந்திரத்தின் முன்பக்கத்தில் "கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டும்" என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறோம், அதுவும் அதே சீல் கடையில் செய்ததுதான்.