தண்ணீர் ஆடட்டும், குழாய் காயக்கூடாது

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் (ஊட்டி ரயில் கிளம்புகிற ஊர் இல்லை, லாரிகள் நிற்கும் எங்கள் மேட்டுப்பாளையம்) தண்ணீர் லாரிக்கு டேங்க் கட்டும் பட்டறையில் வரைபட வேலை எனக்கு. லாரி டேங்குக்குள் குறுக்கே தடுப்புத் தகடு வைப்போம், ஆள் புகுந்து கழுவ அதில் ஓட்டை விடுவோம். பழகிய வேலைதான். அங்கே ஒருவர் தன் டர்போ காரின் டிக்கியிலிருந்து, இன்ஜினுக்குப் போகும் காற்றில் தண்ணீர் தெளிக்க வைத்திருந்த ஒன்பது லிட்டர் அலுமினிய டேங்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். "தண்ணி அலம்புதுங்க, பம்ப் காத்தை இழுக்குது" என்றார்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி. அது அமுக்கும் காற்று சூடாகும். அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவை நேரம் தப்பி எரிந்தால் இன்ஜின் தட்டும். காற்றில் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். கொதிநிலையில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். யோசனை பழையது. 1962-இலேயே ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளித்தார்கள். 2016-இல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் டிக்கியில் 5 லிட்டர் டேங்கோடு வந்தது. ஆபத்து எங்கே என்றால், தண்ணீரை நம்பி பூஸ்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) இக்னிஷன் டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) ஏற்றி வைத்திருப்பார்கள். பம்ப் ஒரு விநாடி காற்றை விழுங்கினாலும் தண்ணீரைத் தெளிக்கும் நாசிலில் பிரஷர் விழுந்துவிடும், அந்த ஒரு விநாடி பிஸ்டனுக்கு அதிகம்.

அவர் கேட்டது, தண்ணீர் அலம்பாமல் இருக்க உள்ளே ஃபோம் திணித்துத் தரும்படி. எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தயக் கார்களின் பெட்ரோல் டேங்கில் ஃபோம் போடுவது உண்மைதான். ஆனால் பாலியெஸ்டர் ஃபோம் தண்ணீரில் ஊறிக் காலப்போக்கில் பொடியும், அந்தத் துகள் நேரே நாசிலை அடைக்கும். வகை பார்த்து வாங்கினாலும் டேங்கின் கொள்ளளவில் கொஞ்சம் போகும்.

எங்கள் வெல்டர் அண்ணன் கடலூர் முதுநகர்க்காரர். இளவயதில் அங்கே லாஞ்சுகளுக்கு டீசல் டேங்க் அடித்தவர். டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி ஆடிட்டுப் போவட்டும். உறியற எடத்துல இருக்கணும், அவ்ளோதான். நடுக்கடல்ல டீசல் லைன்ல ஏர் புடிச்சா யாரு வந்து தள்ளுவா?" என்றார்.

அவர் விரல் வைத்துக் காட்டியது குழாய் வாயை. ஹோஸ் நீளம் மிச்சமாகட்டும் என்று டேங்கின் முன்பக்க அடியில் வைத்திருந்தார்கள். தண்ணீர் எப்போது தேவை? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது. அப்போது அது பின்னால் ஓடும். டேங்க் 30 செ.மீ. நீளம், புவியீர்ப்பில் பாதி அளவு வேகமெடுத்தால் நீர்மட்டம் சுமார் 27 டிகிரி சாயும். உள்ளே 5 செ.மீ. தண்ணீர் இருந்தால் முன்பக்கம் 5 செ.மீ.க்கு மேல் அடித்தகடு காய்ந்துவிடும். சரியாக அங்கேதான் குழாய்! பின்பக்கம் வைத்திருந்தால் அதே அலம்பல் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

குழாயை மட்டும் மாற்றினால் போதாது. பிரேக் பிடித்து, வளைவில் திரும்பி, உடனே மிதிப்பவர் இவர். அதனால் பின்பக்க நடுவில் கால் லிட்டர் பிடிக்கும் குழி ஒன்றைக் கீழே இறக்கினோம். நாசில் நிமிடத்துக்கு அரை லிட்டர் தெளித்தாலும் குழி மட்டுமே அரை நிமிடம் தாங்கும். குழிக்கு முன்னால் உள்பக்கம் மட்டும் திறக்கும் சின்ன மடல், உள்ளே வந்த தண்ணீர் திரும்பி ஓடாமல் இருக்க.

அப்புறம் நடுவில் ஒரே ஒரு தடுப்பு. இந்த அளவு டேங்கில் 10 செ.மீ. தண்ணீர் விநாடிக்குச் சுமார் 1.4 தடவை முன்னும் பின்னும் ஆடும். ஸ்பிரிங்கின் மேல் கார் ஆடும் வேகமும் ஏறக்குறைய அதுதான், ஆகவே ஒரு வேகத்தடை போதும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். தடுப்பு வைத்து நீளத்தைப் பாதியாக்கினால் அது 2.2-க்கு மேல் போய் கார் ஆட்டத்திலிருந்து விலகிவிடும். தகட்டின் கீழ் மூலைகளைத் தண்ணீர் போக வெட்டிவிட்டோம், மேலே காற்றுக்கு இடைவெளி.

சோதிக்க ரோட்டுக்குப் போகவில்லை. அண்ணன் டேங்கின் முன் விளிம்புக்கடியில் 13.5 செ.மீ. கட்டையைச் செருகினார், 30 செ.மீ.க்கு அது அதே 27 டிகிரி. பம்பை ஓட்டி, உறிஞ்சும் பக்கம் கண்ணாடி ஹோஸ் போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். பிரேக்குக்குப் பின்பக்கம், வளைவுக்குப் பக்கவாட்டில் என்று கட்டை இடம் மாறியது. குழி வற்றவில்லை.

மெத்தனால் கலக்கலாமா என்று கேட்டார். 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்தது அதுதான்; மெத்தனால் என்ற பெயரைச் சொன்னதுமே பட்டறையில் எல்லோர் முகமும் மாறியது. குளிரில் உறையாமலிருக்கவும் அதைக் கலப்பார்கள், இங்கே தண்ணீர் உறையப்போவதும் இல்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும் என்றேன். கடலோர போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பு நாசிலில் படியும், அதையும் சொன்னேன்.

மட்டம் காட்டும் ஃப்ளோட் ஸ்விட்சைக் குழிக்குள்ளேயே வைத்ததில், தண்ணீர் குறைந்தால் எரியும் டேஷ்போர்டு விளக்கு அலம்பலில் மினுக்குவது நின்றது. விளக்கு எரிந்தால் பூஸ்ட் தானாகக் குறையும்படி, இன்ஜின் செட்டிங்கை மாற்றித் தரும் ட்யூனரிடம் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறோம். டிக்கி விரிப்பு மட்டும் இன்னும் ஈரமாகிறதாம். டேங்குக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயை டேங்கின் தலைக்கு மேல் ஒரு சுற்று ஏற்றி இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறார்.