கிரைண்டரைத் திருகுவதற்கு முன்னால்

எஸ்பிரெசோ காபி ஒரு முறை 20 விநாடியில் ஓடிவிடுகிறது. அடுத்த முறை அதே கொட்டை, அதே மெஷின், 33 விநாடி இழுக்கிறது. உடனே எல்லோர் கையும் கிரைண்டரின் அரைப்பு வளையத்துக்குத்தான் போகிறது. பல நேரம் தப்பு அங்கே இல்லை. அரைத்த தூள் பாஸ்கெட்டுக்குள், அதாவது தூள் போடும் துளையிட்ட உலோகக் கிண்ணத்துக்குள், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மெஷின் தண்ணீரைத் தள்ளுவது 9 பார் அழுத்தத்தில். 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டின் முழுப் பரப்புக்கும் கணக்குப் போட்டால், தூளின் தலையில் ஏறக்குறைய 240 கிலோ ஏறி நிற்பது போல. அந்த வேகத்தில் வரும் தண்ணீர், எந்த இடம் இளகியிருக்கிறதோ அந்த வழியாகவே பாயும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், வயல் தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும் அல்லவா, அதேதான். காபிக்காரர்கள் இதைச் சேனலிங் என்கிறார்கள். வளை விழுந்த இடத்துத் தூளிலிருந்து அளவுக்கு மீறிச் சாறு இறங்கிக் கசக்கும். மற்ற இடத்துத் தூள் சரியாக ஊறாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

முதல் வேலை பாஸ்கெட்டைத் துடைப்பது. உலர்ந்த துணியால், ஈரம் ஒட்டாமல். சுவரில் ஈரம் இருந்தால் தண்ணீர் ஓரமாகவே வழி தேடிக்கொள்ளும்.

அடுத்தது எடை. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். 18 கிராம் பாஸ்கெட் என்றால் 17-இலிருந்து 19 வரை போடலாம். ஆனால் ஒரு எடையை முடிவு செய்துவிட்டால் எல்லா ஷாட்டுக்கும் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெசோவுக்கு அதுதான் பெயர்) அதே எடைதான். அரை கிராம் கூடினாலே ஷாட் நேரம் மாறிவிடும். கருக வறுத்த கொட்டை எடை குறைந்தது, இடத்தை அடைக்கும். இள வறுவலில் 18 கிராம் பிடிக்கிற பாஸ்கெட்டில் அது பொங்கி நிற்கும், அப்போது ஒரு கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு 5 ரூபாய் நாணயம் போதும். அழுத்திய தூளின் மேல் நாணயத்தை வைத்து, போர்ட்டாஃபில்டரை (பாஸ்கெட் உட்காரும் கைப்பிடி) மெஷினில் பூட்டி, தண்ணீர் விடாமலே கழற்றுங்கள். நாணயம் தூளுக்குள் பதிந்திருந்தால் மேலே இடைவெளி போதவில்லை. சுமார் 2 மில்லிமீட்டர் இடம் வேண்டும். இல்லையென்றால் பூட்டும்போதே மேலே தண்ணீர் தெளிக்கும் ஷவர் தட்டு தூளை உரசிக் கலைத்துவிடும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாகக் கொட்டையை எடைபோட்டு அரைப்பவர்கள், அரைக்கும் முன் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கரண்டிக் காம்பால் கிளறிவிடுங்கள். அரைக்கும்போது எழும் நிலைமின்சாரம்தான் தூளைக் கட்டியாக்குகிறது, கிரைண்டர் வாயில் ஒட்டவும் வைக்கிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சிறு ஈரம் நிலைமின்சாரத்தைக் குறைப்பதைக் காட்டியது. ஏசி அறையின் வறண்ட காற்றில் பலன் நன்றாகவே தெரியும். மேலே கொட்டை நிரம்பியிருக்கும் கடை கிரைண்டரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஈரம் உள்ளே தங்கும்.

இனி வருவதுதான் கைவேலை. தூள் கிரைண்டரிலிருந்து விழும்போது நடுவில் குன்று போலவும் ஒரு பக்கம் சரிந்தும்தான் விழும். அதை அப்படியே அழுத்தினால் குன்று இருந்த இடம் கெட்டியாகும், பள்ளம் இருந்த இடம் இளகியே கிடக்கும். மேற்பரப்பு கண்ணாடி போல இருந்தாலும் உள்ளே சமமில்லை. ஜான் வைஸ் என்பவர் 2005-இல் இணையத்தில் பகிர்ந்த ஊசி முறை இதற்காகத்தான். தூளை ஊசியால் கிளறிச் சமமாக்குவது அது. இன்று டபிள்யூடிடி (வைஸ் டிஸ்ட்ரிபியூஷன் டெக்னிக்) என்றால் பரிஸ்டாக்கள், அதாவது கடையில் காபி போடுகிறவர்கள், எல்லோருக்கும் தெரியும்.

ஊசி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். ஒரு கார்க்கில் ஐந்தாறு அக்குபஞ்சர் ஊசிகளைக் குத்தி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பல்குச்சி உதவாது, அது தூளைப் பிரிக்காமல் உழுதுவிட்டுப் போகும். பாஸ்கெட்டின் மேல் தூள் சிந்தாமலிருக்க ஒரு வளையம் வையுங்கள். ஊசி முனை அடித்தகட்டைத் தொட வேண்டும். சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஓரம் முழுவதும் வாருங்கள், பிறகு நடுவுக்கு. கட்டி உடைவது விரலுக்கே தெரியும்: முதலில் நறநறவென்று தடுக்கும், பத்துப் பன்னிரண்டு விநாடியில் ஊசி மாவுக்குள் போவது போல வழுக்கும். அதன்பின் ஊசியை மெல்ல மேலே தூக்கி, மேற்பரப்பை மட்டும் லேசாகக் கோதி முடியுங்கள். பலரும் மேலே மட்டும் கிளறி நிறுத்திவிடுகிறார்கள். வளை கீழிருந்தே தொடங்கிவிடும்.

போர்ட்டாஃபில்டரை மேசை விரிப்பில் ஒருமுறை நேர்க்குத்தாகத் தட்டினால் தூள் படியும். அழுத்திய பிறகு பக்கவாட்டில் தட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓரத்தில் ஒட்டிய துகள் விழட்டும் என்றுதான் தட்டுகிறார்கள், ஆனால் அழுத்திய தூள் வில்லை பாஸ்கெட் சுவரிலிருந்து விட்டுப்போகும்.

அழுத்துவதற்கு 15 கிலோ பலம் என்று பழைய பாடம் உண்டு. பலத்தை அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. தூள் இதற்கு மேல் இறங்காது என்று கைக்குத் தெரிகிறதே, அங்கே நிறுத்துங்கள். டேம்பர், அதாவது தூளை அழுத்தும் கட்டை, சாயாமல் இருப்பதுதான் முக்கியம். முழங்கை டேம்பருக்கு நேர் மேலே, மணிக்கட்டு வளையாமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாஸ்கெட் விளிம்பைத் தொட்டபடி. இரண்டு விரலுக்கும் விளிம்பு ஒரே உயரத்தில் பட்டால் மட்டம் சரி. நாளுக்கு இருநூறு ஷாட் போடுகிறவர்களுக்கு மணிக்கட்டைக் காப்பாற்றுவதும் இந்த நிலைதான். வீட்டு மெஷினோடு வரும் பிளாஸ்டிக் டேம்பர் பெரும்பாலும் பாஸ்கெட்டைவிடச் சிறியது, ஓரத்தில் அழுந்தாத வளையம் ஒன்று நிற்கும். உங்கள் பாஸ்கெட் 51-ஆ, 54-ஆ, 58-ஆ என்று அளந்து சரியான உலோக டேம்பர் வாங்குங்கள். கொடுக்கிற காசுக்கு இதைவிடப் பலன் தரும் பொருள் வேறு இல்லை.

அடியில் ஒரே ஒரு சிறு துளையுள்ள இரட்டைச் சுவர் பாஸ்கெட் என்றால் இத்தனை பாடும் வேண்டாம். அங்கே அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளைதான். நம் டிகாக்ஷன் ஃபில்டரிலோ கதை நேரெதிர்: தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. தூளைக் குடைத்தட்டால் லேசாக அமர்த்தினால் போதும். எஸ்பிரெசோ போல அழுத்தினால், அதுவும் சிக்கரி கலந்த தூளில், சொட்டுவதே நின்றுவிடும்.

பூட்டியதும் தாமதிக்காமல் தண்ணீரை விடுங்கள். அடிப்பகுதி திறந்த போர்ட்டாஃபில்டர் இருந்தால் குனிந்து கீழே பாருங்கள். பாஸ்கெட்டின் அடி முழுவதும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அரும்பி, நடுவில் கூடி ஒற்றைத் தாரையாக இறங்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் சீக்கிரமே வெளிறி ஓடினால் அங்கே வளை. ஊசி போல் பக்கவாட்டில் பீய்ச்சினாலும் அதுவே. ஓரம் முழுதும் முதலில் ஓடி நடு வறண்டிருந்தால் டேம்பர் அளவையும் ஊசி ஓரத்துக்குப் போனதா என்பதையும் கவனியுங்கள். ஷாட் முடிந்தபின் வில்லையைத் தட்டி எடுத்துப் பார்த்து ஜோசியம் சொல்வதில் அவ்வளவு பயனில்லை. அது சொதசொதவென்று இருந்தால் பெரும்பாலும் மேலே இடைவெளி அதிகம் என்றுதான் அர்த்தம்.

கிரைண்டரைத் திருகலாமா என்பதற்கு மூன்று ஷாட் போடுங்கள். 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம், அரைப்பை மாற்றாமல். நேரம் 21, 32, 26 என்று குதித்தால் ஊசிக்கும் டேம்பருக்கும் திரும்புங்கள். 20, 21, 20 என்று ஒரே சீராக வந்து, குடிக்கப் புளித்தால், இப்போது கிரைண்டர் வளையத்தை ஒரு கோடு நைஸ் பக்கம் திருகுங்கள்.