எண் இல்லாத ரிவால்வருக்கு ஒரு லைசன்ஸ்

இங்கிலாந்தில் பழைய கைத்துப்பாக்கி சேர்க்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கிக்கு என்ன வயது என்பது இங்கே பாதிக் கேள்விதான். எந்தத் தோட்டா அதில் போகும் என்பதுதான் மீதி, அதுதான் கழுத்தைப் பிடிக்கும் பாதி. என் .320 (தோட்டாவின் அளவு, அதாவது காலிபர்) ரிவால்வருக்கு லைசன்ஸ் வாங்குவதற்குள் இதை எத்தனை பேருக்கு விளக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

58(2) பற்றி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1968 துப்பாக்கிச் சட்டத்தின் அந்தப் பிரிவுப்படி, அபூர்வப் பொருளாகவோ அலங்காரத்துக்காகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிக்குச் சான்றிதழ் (லைசன்ஸ் என்று நான் சொல்வது இதைத்தான்) வேண்டாம். அந்த ஏற்பாட்டில்தான் பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பாக்கெட் ரிவால்வர்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். 1872இல் இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனி வெப்ளியின் 'பிரிட்டிஷ் புல் டாக்' ரிவால்வர் வந்ததும், லியேஜ் பட்டறைகள் அதைப் பார்த்து மலிவாகச் செய்து குவித்தன. குட்டைக் குழல், மடக்கு டிரிகர், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் அளவு. என்னுடையதில் முட்டை வடிவ வளையத்துக்குள் 'இஎல்ஜி' என்ற சோதனை முத்திரை இருக்கிறது. மேலே கிரீடம் இல்லை. கிரீடம் சேர்ந்தது 1893இல். ஆகவே இது அதற்கும் முந்தையது.

2021 மார்ச் 22 அன்று புதிய விதிகள் அமலுக்கு வந்தன. பழந்துப்பாக்கி என்றால் 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்திருக்க வேண்டும், அதோடு அதன் தோட்டா வழக்கொழிந்தவற்றின் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது அது சுடும் முறையே விதியில் சொன்ன பழைய முறையாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து ஏழு தோட்டாக்களை எடுத்துவிட்டார்கள். .320, .442, .41 கோல்ட், .44 ரஷ்யன் எல்லாம் அதில் அடக்கம். இந்த வகைத் துப்பாக்கிகள் குற்றங்களில் அகப்படுகின்றன என்பது அரசு சொன்ன காரணம். காரணத்தை நான் மறுக்கவில்லை. செப்டம்பர் 22க்குள் சான்றிதழுக்கு விண்ணப்பி, இல்லாவிட்டால் கையைவிட்டு அனுப்பு என்றார்கள், அதுவும் சரி. ஆனால் அந்த விதி வந்த செய்தி போலீஸ் நிலையத்து முன் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

அங்கே இருந்தவர் நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, "நூறு வருடத்துக்கு மேல் பழசென்றால் காகிதம் ஒன்றும் தேவையில்லை" என்று சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். அதை நம்பி வீட்டிலிருந்திருந்தால் செப்டம்பருக்குப் பிறகு நான் குற்றவாளி. தொலைபேசியில் பேசிய இன்னொருவரோ, "கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். தக்க காரணம் இல்லாமல் துப்பாக்கியோடு பொது இடத்தில் போவதே தனிக் குற்றம். தொலைபேசியில் வாய்வார்த்தையாகச் சொன்னதை வழியில் நிறுத்துகிறவரிடம் எப்படிக் காட்டுவீர்கள்? நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள் போதும். முன் மேசையை விட்டுவிட்டு, துப்பாக்கி உரிமப் பிரிவுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலில் தேதி இருக்கும். பின்னால் அந்தத் தேதிதான் உங்களுக்குக் கவசம்.

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. 'சேகரிப்புக்காக' என்று காரணம் எழுதியிருந்தேன். கைத்துப்பாக்கிகளுக்குத் தடை உள்ளது என்று ஒரே வரியில் பதில். தடை 1997இல் வந்தது உண்மை. அதே சட்டத்தில் 7(1) என்று ஒரு பிரிவும் இருக்கிறது: 1919 ஜனவரி 1க்கு முன் செய்த, இன்று எளிதில் தோட்டா கிடைக்காத கைத்துப்பாக்கியைச் சான்றிதழோடு வீட்டில் சேகரிப்பாக வைத்துக்கொள்ளலாம். சுடக் கூடாது, தோட்டா வைத்திருக்கக் கூடாது. பிரிவு எண்ணை முதல் வரியிலேயே போட்டு மறுபடி அனுப்பினேன். இந்த முறை யாரும் தடையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து வந்ததுதான் உச்சம். ஃபார்மில் சீரியல் எண்ணுக்கு ஒரு கட்டம். லியேஜின் மலிவுச் சரக்கில் பலவற்றுக்கு எண்ணே கிடையாது, செய்தவர் பெயரும் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது என்றார் அந்தப் பிரிவில் இருந்தவர். ஏதாவது ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்து எண் பொறித்து வாங்கிவிடுங்களேன் என்று யோசனை வேறு. நூற்றுமுப்பது வருடத்து இரும்பில் புதிதாக எண் அடிப்பதா! அதோடு அதன் சேகரிப்பு மதிப்பு போய்விடும் என்பது ஒரு பக்கம். உண்மை அடையாளத்தை மாற்றச் சொல்லிப் போலீஸ் தரப்பிலிருந்தே யோசனை வருகிறதே என்பது இன்னொரு பக்கம். கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

தீர்வு, வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரியிடம் இருந்தது. ஓய்வு பெறும் வயதை ஒட்டிய மனிதர். ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்.வி.என். என்று போடச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியும் எண் இல்லை என்று அர்த்தம்" என்றார். அவ்வளவுதான்! வாரக்கணக்கில் நான் முட்டிக்கொண்டிருந்த கதவு மூன்று எழுத்தில் திறந்தது. உங்கள் துப்பாக்கிக்கும் எண் இல்லையென்றால் முதலிலேயே இதை எழுதி, முத்திரைகளின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு கேட்கும், என் உடல்நிலை மனநிலை பற்றிய டாக்டர் கடிதமும் லேசில் வரவில்லை. கிளினிக்கில் எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், முகம் மாறியது. பிறகு 'நாங்கள் இதெல்லாம் தருவதில்லை' என்றார்கள். மேலாளருக்கு எழுத்தில் கேட்ட பிறகு, கட்டணத்தோடு வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரில் அறைய வீட்டுக்காரரின் அனுமதியைக் கையோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் நான்கு ஓட்டைக்காக ஒரு மாதம் யோசித்தார். விண்ணப்பத்துக்கு நம்மைப் பரிந்துரைக்க வேண்டிய இரண்டு பேர் விஷயம் சிக்கலில்லாமல் முடிந்தது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. டீலர் கட்டிய அட்டையில் 'வழக்கொழிந்த காலிபர், லைசன்ஸ் தேவையில்லை' என்றிருந்தால் அந்த அட்டை எந்த வருடத்தது என்று கேளுங்கள். 2021க்கு முன் எழுதிய அட்டைகள் இன்னும் சுற்றுகின்றன. அட்டையை விட ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, பாருங்கள். .32 ரிம்ஃபயரும் .320 சென்டர்ஃபயரும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே அளவு ரிவால்வர்கள்தான். ஹேமரின் மூக்கு தோட்டாவின் விளிம்பில் விழுகிறதென்றால் ரிம்ஃபயர். சுடும் முறையை வைத்து அதற்குச் சலுகை இன்னும் இருக்கிறது. நடுவில் விழுந்தால் என் கதிதான். பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் தோட்டா போட்டுச் சுடும் லெஃபோஷோ வகைப் பின்ஃபயர்கள் நிம்மதியான சரக்கு, வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் நன்றாக இருக்கும். அமெரிக்கக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸனின் முதல் மாடல் ரிவால்வர் 1857இல் வந்ததாயிற்றே, அதற்கு என்ன ஆபத்து என்று நினைக்காதீர்கள். அதன் தோட்டா .22, இன்றைக்கும் கடையில் கிடைக்கும் அளவு என்பதால் ரிம்ஃபயருக்கான அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. எதை வாங்கினாலும் பொருத்தமான ஒரு தோட்டாவைக்கூட அழகுக்கென்று பக்கத்தில் வைக்காதீர்கள். அலங்காரப் பொருள் என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

7(1)இல் ஏறிவிட்ட துப்பாக்கியை விற்பதும் சுலபமில்லை. வாங்குகிறவரின் சான்றிதழில் அதற்கு முன்கூட்டியே இடம் வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சிரமத்தையும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நான் விற்பதாக இல்லை. சான்றிதழ் ஐந்து வருடத்துக்குத்தான். புதுப்பிக்க மறுபடியும் டாக்டர் கடிதம் வேண்டும் என்பதால், அதே கிளினிக்குக்கு இப்போதே எழுதிப் போட்டுவிட்டேன். இன்னும் பதில் இல்லை.