இங்கே வண்டியை நிறுத்தலாமா?

வானிலேயே சமைத்துப் படுத்து வடக்கு, கிழக்கு, மலைநாடு என்று சுற்றிவிட்டு வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வானை நிறுத்தி இன்றோடு ஐந்து நாள். கதவைத் திறந்தால் இன்னும் கருவாட்டு வாசமும் வேப்பெண்ணெய் வாசமும்தான் வருகின்றன, கழுவ மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தனியாகவா, 22 நாளா, பயமாக இருக்கவில்லையா? போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியாது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வான் என்றால் பழைய டொயோட்டா டொல்பின். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார், முழங்கால் வலியால் நிறுத்தினார், நான் வாங்கிக்கொண்டேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு ஆள் படுக்கப் பலகைக் கட்டில், அதன் கீழே 50 லீற்றர் தண்ணீர்ப் பரல், பின்கதவைத் தூக்கினால் மடித்து விரிக்கிற சின்னக் குசினி, 2.3 கிலோ காஸ் சிலிண்டர், கூரையில் ஒரு சோலர் பலகை. சாமான் முக்கால்வாசியும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பிடித்தது. அங்கே வயரிங் செய்து தந்த பாஸ் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார்: எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரியையும் ஃபேனும் லைட்டும் எரிகிற பற்றரியையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, இரவு முழுக்க ஃபேன் ஓடி அது இறங்கினாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டும், பெண்பிள்ளை நடுவழியில் நிற்கக் கூடாது என்று. அதற்கென்று கூடுதலாகக் காசும் வாங்கவில்லை. பயணத்தில் நான் சந்தித்த முதல் ஆள் அவர்தான் என்று சொல்வேன், கொழும்பை விட்டு நகரும் முன்பே.

வெளிநாட்டில் மோட்டார் ஹோம்காரர்களுக்கென்று இடங்கள் இருக்கின்றன. காசைக் கட்டினால் கரண்ட், தண்ணீர், கழிவறை, நமக்கென்று ஒரு இலக்கம் போட்ட இடம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான் போன வழியில் அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பொழுது சாய்ந்தால் யாரிடமாவது போய்க் கேட்டே ஆக வேண்டும். 22 நாளில் நான் அதிகம் பேசிய வசனம் “இங்கே வண்டியை நிறுத்தலாமா?” என்பதுதான். எனக்கென்று இரண்டு விதி வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, இருட்டின பிறகு கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அடுத்தது, முதலில் ஒரு பெண்ணிடம் கேட்பது. கோயிலோ சேர்ச்சோ பெற்றோல் செட்டோ எதுவாக இருந்தாலும், பக்கத்து வீட்டு அம்மா சரி என்று தலையாட்டிவிட்டால் அந்த இரவு நிம்மதி.

முதல் இரவு புத்தளம். கற்பிட்டிப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் ஒரு உம்மா ஓலைப்பாயில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். “நிப்பாட்டுங்க மகள், ஆனா வண்டிக்குள்ள ஏன் படுக்கணும், ஊட்டுக்குள்ள வாங்க” என்றார். கட்டிலைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். இரவு சாப்பாடு அவர் வீட்டில்தான், சுறா வறை வைத்திருந்தார். அடுத்து மன்னாருக்குப் போகிறேன் என்று சொன்னதும் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவர் ஊர் எருக்கலம்பிட்டி. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவருக்குப் பத்தொன்பது வயது. மன்னார்த் தீவிலிருந்து படகில் ஏற்றிக் கற்பிட்டியில் இறக்கினார்களாம், நனைந்த துணியோடு. நான் கொழும்பில் வளர்ந்தவள், அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தவள் மட்டும்தான். தமிழ் ஆட்கள் நாங்கள் இதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்று அந்தச் சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன். உம்மா என்னிடம் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது மட்டும், “எங்கட ஊட்டுக் கிணத்தை ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார்.

அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி மூன்றாம் நாள் மன்னாருக்குள் நுழைந்தேன். பாலத்துக்கு வரும் முன்பே சோளகக் காற்று வானைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் வர முடிந்தது. தீவின் கரையில் முப்பது காற்றாலைகளை ஏன் கொண்டுவந்து நட்டார்கள் என்று அப்போது விளங்கியது. எருக்கலம்பிட்டியில் விசாரித்துப் போய்ச் சேர்ந்துவிட்டேன். வீடு இல்லை, அத்திவாரக் கல் இரண்டு வரிசை மட்டும், பனைகள், நடுவே கிணறு. பக்கத்து வளவுப் பையன் வாளியோடு வந்தான். வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்து உம்மாவுக்குக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார், பேச்சே இல்லை. பிறகு, “வாளியை உள்ளுக்கு விடுங்க மகள், சத்தம் கேக்கணும்” என்றார். பையன் விட்டான். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றுக்கட்டில் குப்புறச் சாய்ந்து, போனை உள்ளே இறக்கி என் தலையால் காற்றை மறைத்துக்கொண்டேன், அவன் திரும்ப விட்டான். வாளி தண்ணீரில் விழுந்து, சாய்ந்து, நிரம்புகிற அந்தச் சத்தம். “இன்னொருக்கா” என்றார். ஆறு தடவை விட்டோம்.

அன்றிரவு அங்கேயேதான் படுத்தேன். நடுச்சாமத்தில் யாரோ வானை உரசுகிறார்கள் என்று எழுந்து பார்த்தால் கழுதைகள். மன்னார்க் கழுதைகள் எதற்கும் அசையாது, ரோட்டு, வளவு எல்லாம் அவற்றுக்குச் சொந்தம்.

சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போனேன், நாலு நாள் நின்றேன், அதைப் பற்றி எழுதினால் சொந்தக்காரர் கதைதான் வரும், விடுவோம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: உரும்பிராயில் ஒரு ஐயா, “இதுக்குள்ளையே சமைச்சுப் படுப்பியளோ பிள்ளை?” என்று கேட்டு, வானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் தன் மனைவியைக் கைபிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் இப்போது அவர் வீட்டு ஹோலில் இருக்கிறதாம்.

முல்லைத்தீவு, திருகோணமலை, அப்புறம் கிண்ணியா. 2009-இல் பாலம் திறக்கும்வரை இங்கே ‘பாதை’ என்கிற மிதவையில்தான் வாகனங்களை ஏற்றிக் கடக்க வேண்டும். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை. மூதூர் தாண்டி வெருகல் முருகன் கோயிலுக்கு வந்தபோது நாலரை மணி. மரங்களின் கீழே காவி உடுத்த கூட்டம், வேல், துணி மூட்டைகள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வைகாசித் தொடக்கத்தில் புறப்பட்டவர்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோடு நடந்து, கடைசியில் குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நான் டீசல் அடித்து வந்த அதே ரோட்டில் அவர்கள் கால் வைத்து வந்திருக்கிறார்கள்.

பருத்தித்துறைப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபத்தாறு வயது, ஒன்பதாவது தடவையாக நடக்கிறார். குதிக்கால் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். மட்டக்களப்புவரைக்கும் ஏற்றிப் போகிறேன் வாங்கோ என்றேன். சிரித்தார். “ஏறினாப் போச்சு பிள்ளை, பிறகு சந்நிதியிலையிருந்தெல்லோ திரும்பத் தொடங்கோணும்.” சரி, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, கொஞ்சம் சுடுதண்ணீர் கிடைத்தால் போதும் என்றார். பின்கதவைத் தூக்கி அடுப்பைப் பற்ற வைத்தேன். உப்புப் போட்டு ஒரு பேசினில் ஊற்றிக் கொடுத்தேன், அவர் காலை வைத்த மாத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டார், முகத்தில் நரம்பெல்லாம் தளர்ந்து போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். பதினொரு சோடிக் கால்கள். ஒன்பது மணிபோல காஸ் முடிந்து நெருப்பு நீலமாகத் துடித்து அணைந்தது. மிச்சப் பேருக்குக் கோயிலடியில் விறகு மூட்டினோம். வேப்பெண்ணெய் அந்த அம்மா தந்தது, நுளம்புக்கு. பேசினைக் கழுவித் தந்தபோது என் நம்பரைக் கேட்டு ஒரு துண்டில் எழுதி வேலில் கட்டியிருந்த மஞ்சள் துணிக்குள் முடிந்துகொண்டார்.

விடிய நாலு மணிக்கு அரோகரா சத்தம் கேட்டு எழுந்தேன். நான் முகம் கழுவுவதற்குள் அவர்கள் ரோட்டில் சின்னப் புள்ளிகளாகப் போய்விட்டார்கள். வாகரையில் காஸ் மாற்றும்வரை பாணும் வாழைப்பழமும்தான்.

மட்டக்களப்பில் மூன்று நாள், கல்லடியில் ஒரு ஆசிரியை வீட்டு முற்றத்தில். பிறகு செங்கலடியால் பதுளை ரோட்டைப் பிடித்து மலை ஏறினேன். ஏற்றம் தொடங்கிப் பசறைக்குக் கொஞ்சம் முன்னால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், முன்பக்கத்தால் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி இறங்கி நின்றேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று தாண்டிப் போய், நின்று, ரிவர்ஸில் வந்தது. “என்னக்கா, ஹோஸ் வெடிச்சிருச்சா?” ட்ரைவர் தம்பிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். லொறி சீட்டுக்கடியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் எடுத்து, நீளவாக்கில் கத்தியால் கீறி, ஹோஸ் வெடிப்பின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினார், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி, கடைசியில் கம்பியால் முறுக்கினார். என் பரலில் இருந்த தண்ணீரை ஊற்றி நிரப்பினோம். காசு நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வண்டி இலக்கத்தைப் பார்த்துக் கொழும்பில் எங்கே என்று கேட்டார். வெள்ளவத்தை என்றேன். அவர் மகளும் வெள்ளவத்தைதான், காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள், இரண்டு வருடமாச்சு, தீபாவளிக்கு மட்டும் வருவாள். கொஞ்சம் இருங்க அக்கா என்று தோட்டத்து லயத்துக்கு ஆள் அனுப்பினார். அரை மணி நேரத்தில் அவர் மனைவி மூச்சு வாங்க வந்தார், ஒரு பையில் போஞ்சியும் தேயிலைத் தூளும் ரொட்டியும்.

அந்தக் கடையை மாதத்தில் இருபது நாள் தாண்டிப் போகிறவள் நான். வந்த அன்றைக்கே போனேன். பிள்ளை சாரி மடித்துக்கொண்டிருந்தாள். பையை வாங்கிப் பிரித்து ரொட்டியை முகர்ந்து பார்த்தாள், பிறகு என்னிடம் கேட்டது, “அப்பா சுத்தினது கொழும்பு வரைக்கும் தாங்கிச்சா?” தாங்கியது. பதுளை, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை ஒரு புது நம்பரிலிருந்து கோல். பாதயாத்திரை அம்மா, யாருடைய போனோ. திருக்கோவில் என்ற ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம், கால் பரவாயில்லையாம். இனிப் பொத்துவில், உகந்தை, அப்புறம் காடு. “காட்டுக்குள்ள போன் வேலை செய்யாது பிள்ளை, கதிர்காமம் போய்த்தான் எடுப்பன்” என்றார்.